இங்கா விதைகளை முளைப்புத்திறன் போகாமல் வைத்திருப்பது எப்படி?

வணக்கம். இங்கா பேரினத்து மரங்களின் காய், விதை பற்றித் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த இவற்றில் ஏறத்தாழ 300 இனங்கள் உண்டு. காய் முற்றினாலும் தானாக வெடிக்காது. உள்ளே விதையை மூடியிருக்கும் இனிப்பான வெள்ளைச் சதை, பஞ்சு போல அத்தனை மென்மை! அது விதையின் வெளியுறையே சதையாக மாறியது. கொடுக்காப்புளியில் அப்படியில்லை, அங்கே விதைக்காம்பிலிருந்து தனியாக ஒரு சதை வளர்ந்து விதையை மூடுகிறது. எனக்கு மிகப் பிடித்த வேறுபாடு இது.

சிக்கல் விதையில்தான். அவரைக் குடும்ப மரங்கள் பலவற்றின் விதை கெட்டித் தோலோடு வருடக்கணக்கில் தாங்கும். இங்கா விதையோ காய்ந்தால் செத்துவிடும். சில நேரம் காய்க்குள்ளேயே முளைவிட்டும் விடுகிறது. சதையை நீக்கி, ஈரமான மரத்தூளிலோ தேங்காய் நார்த்தூளிலோ வைத்துப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை நாள் தாங்கியது? பூஞ்சை பிடிக்காமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்?

அப்புறம் இன்னொன்று. இங்கா எடுலிஸ் என்ற இனத்தின் காய் உருளையாக, நீளவாக்கில் வரிப்பள்ளங்களோடு, 1 மீட்டர் வரைகூட வளரும். இங்கா ஸ்பெக்டபிலிஸ் இனத்தின் காய் தட்டையாக, அகலமாக இருக்கும். இவற்றைப் பிரிப்பது எளிது. ஆனால் எடுலிஸையும் இங்கா வேரா என்ற இனத்தையும் இலை, பூ இல்லாமல் காயை மட்டும் வைத்துப் பிரிக்க முடியுமா? குறுக்குவெட்டுப் படங்கள் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.