செகண்ட் ஹேண்ட் மினி பிசியில் ரெக்கார்டிங்: சாட்டா எஸ்எஸ்டி போதாதா?

மெட்டுக்காரன்:
"பழைய மினி பிசி வாங்கறவங்க சாட்டா எஸ்எஸ்டி பக்கம் போகாதீங்க, என்விஎம்இ இல்லன்னா மல்டிடிராக் பதியும்போது நடுவுல அறுந்துடும்" என்று நேற்று நாலாவதுதந்தி எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு ஆட்கள் நல்ல பெட்டிகளை ஒதுக்குகிறார்கள். சாட்டா, என்விஎம்இ இரண்டுமே எஸ்எஸ்டி எனும் சேமிப்பு டிரைவின் இணைப்பு வகைகள், பின்னது வேகமானது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஒரு மோனோ டிராக், அதாவது ஒற்றை ஒலித்தடம். நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியை அளந்த எண்), ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 1,44,000 பைட். 32 டிராக்கை ஒரே நேரத்தில் பதிந்தாலும் நொடிக்கு 4.6 எம்பிதான். சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பி எழுதும். எங்கே அறுகிறது?

நாலாவதுதந்தி:
பதிவு மட்டும் தனியா யார் பண்றாங்க? பின்னாடி பியானோ, ஸ்ட்ரிங்ஸ் லைப்ரரி (வாத்தியத்தைப் பதிஞ்சு வெச்ச ஒலித் தொகுப்பு) எல்லாம் டிஸ்க்கிலிருந்து ஓடிட்டிருக்கும். ஒரு நோட்டுக்கு மூணு மைக் பொசிஷன், பெடலை மிதிச்சா நூறு வாய்ஸ் (ஒரே நேரத்துல ஒலிக்கற ஒலி) சுலபமா தாண்டும். சின்னச் சின்னத் துண்டா எங்கெங்கயோ படிக்கணும். உங்க 4.6 அங்க செல்லாது. ஜென்3 என்விஎம்இ 3,500 எம்பி படிக்கும், சாட்டா 550. வேகம்னா வேகம்தான்.

மெட்டுக்காரன்:
சின்னத் துண்டு என்று நீங்களே சொல்லிவிட்டு, அட்டையில் அச்சடித்த தொடர்வாசிப்பு எண்ணை எடுத்துக் காட்டுகிறீர்கள். நூறு ஸ்டீரியோ வாய்ஸ் என்றாலும் நொடிக்கு 29 எம்பிக்குள் அடங்கும். தவிர, லைப்ரரியில் உள்ள ஒவ்வொரு ஒலிப்பதிவின் தலைப்பகுதியும் ஏற்கெனவே ரேமில் உட்கார்ந்திருக்கிறது. ப்ரீலோட் பஃபர் இருப்பதே அதற்குத்தான். கீயை அழுத்தியதும் ஒலி ரேமிலிருந்து கிளம்பும், மீதி டிஸ்க்கிலிருந்து வந்து சேரும். தடுமாறினால் ப்ரீலோடை ஏற்றுங்கள், அதற்கு ரேம் வேண்டும். 8 ஜிபியோடு விற்கிற பெட்டியை 16 அல்லது 32 ஆக்குவதுதான் முதல் வேலை. இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே அளவு குச்சி போடுங்கள்.

அமைதியறை:
ரெண்டு பேருமே டிஸ்க்கையே பிடிச்சுத் தொங்கறீங்க. ஆடியோ பஃபர் (ஒலியைத் துண்டு துண்டா கையாள்ற தற்காலிக இடம்) 128 சாம்பிள், 48 கிலோஹெர்ட்ஸ்னா 2.7 மில்லிசெகண்ட். அதுக்குள்ள வைஃபை ட்ரைவர் சிபியுவை ஒரு தடவை பிடிச்சு வெச்சா 'டிக்'குன்னு சத்தம் விழும். எந்த எஸ்எஸ்டி போட்டாலும் விழும். லேட்டன்சிமான்ங்கற சோதனை மென்பொருளை ஓட்டிப் பாருங்க, எந்த ட்ரைவர்னு பேரோட காட்டும். வைஃபை, ப்ளூடூத்தை பயாஸிலேயே (மெஷின் தொடங்கும்போது வர்ற அமைப்புத் திரை) அணைங்க. சி-ஸ்டேட்டை (சிபியு தூங்கற மின்சேமிப்பு நிலை) அணைங்க, பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸ்ல வைங்க. அடாப்டரையும் பாருங்க. டெல் மைக்ரோவில் அடாப்டரின் நடு ஊசி வளைஞ்சிருந்தா எத்தனை வாட்னு மெஷினுக்குத் தெரியாது, சிபியு வேகத்தை இறக்கிடும்.

நாலாவதுதந்தி:
அமைதியறை சொல்றது வேற பிரச்சினை. நான் பேசறது சாட்டா. மலிவான சாட்டா பலதும் இப்ப க்யூஎல்சி, ஒரு செல்லுல நாலு பிட் திணிக்கற நினைவகம். கேஷ் (வேகமா எழுதற தற்காலிகப் பகுதி) நிரம்பினதும் எழுதற வேகம் பாதாளத்துக்குப் போகும். அப்ப டிராக் அறும். இதுக்குப் பதில் இல்லையே?

மெட்டுக்காரன்:
இருக்கிறது. சாம்சங் 870 க்யூவிஓ 1 டிபியையே எடுத்துக்கொள்வோம். கேஷ் 42 ஜிபி, அது தீர்ந்தபின் 80 எம்பி. இது கம்பெனியே தருகிற கணக்கு. 32 டிராக் பதிந்தால் அந்த 42 ஜிபி நிரம்பவே இரண்டரை மணி நேரம் ஆகும். நிரம்பிய பிறகும் தேவை 4.6, கிடைப்பது 80. க்யூஎல்சி என்விஎம்இயிலும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுகிறீர்கள். ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) விவாதத்திலும் இப்படித்தான், 192 கிலோஹெர்ட்ஸ் கட்டாயம் என்று சொல்லி நான்கு பேரைச் செலவுக்குள் இழுத்துவிட்டீர்கள்.

நாலாவதுதந்தி:
அந்தக் கதையை இங்க இழுக்காதீங்க. அங்க நான் சொன்னது சரிதான், இப்பவும் சொல்வேன்.

ரீல்நாடா:
இவ்வளவு தலைவலி எதுக்கு? மேக் மினி 2012 குவாட்கோர் வாங்குங்க. உள்ளே ரெண்டு 2.5 இன்ச் டிரைவ் போகும், ரேமை 16 வரை நாமே மாத்தலாம், ஃபயர்வயர் 800 (பழைய இணைப்பு வகை) கூட இருக்கு.

அமைதியறை:
2012 மாடலுக்கு கேட்டலினாங்கற மேக்ஓஎஸ்ஸோட கதவு சாத்தியாச்சு, அதுக்கு மேல அப்டேட் கிடையாது. புது ப்ளக்-இன் (ரெக்கார்டிங் மென்பொருளோட சேர்க்கற துணை நிரல்) பலதும் ஏறாது. 2014ல ரேமைப் போர்டோட சால்டர் பண்ணிட்டாங்க. 2018ல ரேமை மாத்தலாம், எஸ்எஸ்டியை மாத்த முடியாது. 2018 இல்லன்னா அதுக்கு அப்புறம் வந்தது வாங்கினா, ஆக்டிவேஷன் லாக் (பழைய ஓனரோட ஆப்பிள் கணக்குப் பூட்டு) எடுத்திருக்கான்னு பார்த்துட்டுப் பணம் கொடுங்க.

ரீல்நாடா:
கேட்டலினாவுல பாட்டுப் பதிய முடியாதா? பழைய ப்ளக்-இன் எல்லாம் என்ன செத்தா போச்சு?

மெட்டுக்காரன்:
மேக் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். இன்டெல் பெட்டி என்றால் 8ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக அங்கிருந்துதான் ஏறும், விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. லெனோவா எம்720க்யூ என்றால் ஒரு எம்.2 (குச்சி வடிவ எஸ்எஸ்டிக்கான ஸ்லாட்), ஒரு 2.5 இன்ச் சாட்டா இடம். எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4 மினி என்றால் இரண்டு எம்.2, கூடவே 2.5 இன்ச். செகண்ட் ஹேண்டில் வரும்போது 2.5 இன்ச் தட்டையும் ரிப்பன் கேபிளையும் பலர் கழற்றிக்கொண்டு தருகிறார்கள். மூடியைத் திறந்து படம் கேளுங்கள். கூட வருகிற எஸ்எஸ்டியைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சோதனை மென்பொருளில் போட்டு, எவ்வளவு எழுதியிருக்கிறது, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். சிஆர்சி எரர் (தரவு கைமாறும்போது வரும் பிழை) ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள்தான் கோளாறு, டிரைவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சிஸ்டம் எம்.2வில், பதிவு சாட்டாவில். இந்த அமைப்புக்கு என்ன குறை?

நாலாவதுதந்தி:
பாத்தீங்களா, சிஸ்டத்துக்கு நீங்களே எம்.2 போடறீங்க! அப்ப என்விஎம்இதான் வேணும்னு ஒத்துக்கிட்ட மாதிரி.

மெட்டுக்காரன்:
ஸ்லாட் இருக்கிறது, போடுகிறேன். கட்டாயம் என்றா சொன்னேன்? எம்.2 என்றாலே என்விஎம்இயும் இல்லை. சாட்டாவிலும் எம்.2 வடிவம் உண்டு. ஸ்லாட்டில் செருகும் தங்க நிற விளிம்பில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் அது சாட்டா. என்விஎம்இ மட்டுமே ஏற்கிற ஸ்லாட்டில் அதைச் செருகினால் பொருந்தும், ஆனால் பயாஸில் தெரியாது. வித்தியாசம் சொல்லாமல் "என்விஎம்இ, என்விஎம்இ" என்று முழங்கினால் வாங்குகிறவர் இங்கேதான் ஏமாறுவார்.

நாலாவதுதந்தி:
20 ஜிபி டெம்ப்ளேட்டை (வாத்தியமெல்லாம் ஏத்தி வெச்ச ப்ராஜெக்ட்) திறந்து பாருங்க, சாட்டாவுல எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு தெரியும்.

மெட்டுக்காரன்:
முக்கால் நிமிடம். திறக்கும் நேரம் வேறு, பதியும்போது அறுவது வேறு. நீங்கள் சொன்னது அறும் என்று. எங்கே அறும் என்று இன்னும் காட்டவில்லை. 4.6 எம்பி.

நாலாவதுதந்தி:
எல்லாரும் 48லயா பதியறாங்க? 96 கிலோஹெர்ட்ஸ்னா உங்க 4.6 என்ன ஆகும்?

மெட்டுக்காரன்:
9.2.