விண்வெளியில் நடக்கும் பயங்கரக் கதை: பத்தாம் வகுப்பு மகளுக்கு ஒரு நாவல் சொல்லுங்கள்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். எங்களுக்குக் காவல்கிணறு பக்கம். மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கும் நாளில் மகள் மொட்டை மாடிக்கு ஓடிவிடுவாள். சுடலைமாடன், இசக்கி கதையெல்லாம் ஆச்சி மடியிலேயே கேட்டு வளர்ந்தவள், பேய்க்கதைக்கு அசைய மாட்டாள். இப்போது கேட்பது விண்வெளியில் நடக்கும் பயங்கரமான நாவல், அதுவும் தமிழில்.

பாளையங்கோட்டையில் இரண்டு கடைகளில் கேட்டேன். ஒன்று சின்னப் பிள்ளைகள் படிக்கிற படக்கதை, இல்லையென்றால் பெரியவர்களுக்கானது. பதினைந்து வயதுக்குப் பொருந்துகிற மாதிரி எதுவும் கிடைக்கவில்லை.

பூச்சாண்டி மாதிரி வேற்றுக்கிரக மிருகம் துரத்தும் கதை வேண்டாம். அவளைப் பயமுறுத்துவது வேறு. செவ்வாயிலிருந்து ஒரு செய்தி பூமிக்கு வந்து சேரவே, கிரகங்கள் இருக்கும் தூரத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். ‘காப்பாத்துங்க’ என்று சொல்லிவிட்டுப் பதிலுக்கு முக்கால் மணி நேரம் வரைகூடக் காத்திருக்கணும். விண்வெளியில் காற்றே கிடையாது, கத்தினாலும் சத்தம் போகாது. இதை அவள் சொன்ன ராத்திரி எனக்கே தூக்கம் வரவில்லை. அந்தத் தனிமையை எழுதிய கதைதான் வேண்டும். நாயகி அவள் வயதுப் பெண்ணாக இருந்தால் ரொம்பச் சந்தோஷம்.

மொழிபெயர்ப்பு என்றாலும் சரி, நடை நன்றாக இருக்கணும். அப்புறம், ரத்தக்களறி அதிகமா என்பதையும் சொல்லிவிடுங்கள். பழைய பிரதி யாரிடமாவது இருந்தால் நாகர்கோவிலோ வள்ளியூரோ, நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். முழு ஆண்டுப் பரீட்சை முடிந்த அன்றைக்கே அவள் கையில் கொடுக்க ஆசை.