ஏற்காட்டில் ஹேமக் கட்டி ஓர் இரவு தங்கலாமா?

அஸ்தம்பட்டி_பைக்:
வணக்கம் நண்பர்களே. ஜனவரியில் நானும் மாமா பையனும் ஏற்காடு பக்கம் ஹேமக் (இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டுகிற தொங்கு படுக்கை) கட்டி ஓர் இரவு தங்கலாம் என்று இருக்கிறோம். டென்ட் போட்டால் செடியை வெட்டித் தரையைச் சுத்தம் செய்ய வேண்டும், இதில் அந்த வேலையே இல்லை, காலையில் அவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிடலாம். யூடியூபில் அமெரிக்காக்காரர்கள் காட்டுக்குள் பிடித்த இடத்தில் கட்டிப் படுக்கிறார்கள், இங்கேயும் அப்படி முடியுமா? ஹேமக்கோடு ஒரு மெல்லிய நைலான் கயிறு வந்தது. மரத்துக்குக் கெடுதல் வராமல் இருக்க அது போதுமா?

மலைச்சுற்றி:
முதலில் இடத்தைப் பேசுவோம் தம்பி. அமெரிக்காவில் தேசியக் காடுகள் பலவற்றில் கூடாரம் போட்டுத் தங்க அவர்கள் சட்டமே இடம் தருகிறது, பெரும்பாலும் 14 நாள் வரைக்கும். நம் ஊரில் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைப்பதே குற்றம், 1882-ஆம் வருட வனச்சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இறந்த பிறகு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்துவிட்டன. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு வழியாகப் பதிவு செய்தால் சேலம் மாவட்டத்திலும் வழிகாட்டியோடு நடக்கலாம், ஆனால் அது நடைக்குத்தான். ராத்திரி தங்க வேண்டுமென்றால் தனியார் எஸ்டேட், இல்லையென்றால் ஹோம்ஸ்டே, அதுவும் உரிமையாளரிடம் வாய்விட்டுக் கேட்டு. எஸ்டேட் எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று பல இடத்தில் வேலி இருக்காது, வாட்ச்மேனைக் கூட்டிப்போய் எல்லையைக் காட்டச் சொல்லுங்கள்.

பட்டை_முக்கியம்:
அந்தக் கயிறு வேண்டாம். மரப்பட்டைக்கு அடியிலேயே மரம் வளர்கிற மெல்லிய அடுக்கு இருக்கிறது, உங்கள் மொத்தப் பாரமும் ஒரு மெல்லிய கோட்டில் இறங்கினால் அது நசுங்கும், ஒரே இடத்தில் நாலு பேர் மாறி மாறிக் கட்டினால் அந்த மரம் தாங்காது. சரக்கு கட்டுகிற பாலியஸ்டர் பெல்ட் இரண்டு அங்குல அகலத்தில் சேலத்தில் சுலபமாகக் கிடைக்கும், அதை வாங்குங்கள். நைலான் ஈரம் பட்டால் நீளும், பனியில் விடியும்போது முதுகு தரையில் இருக்கும்.

இழுத்து விறைப்பாகவும் கட்டாதீர்கள், இதைப் பலரும் கவனிப்பதில்லை. பெல்ட் கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்தால் 70 கிலோ ஆள் படுக்கும்போது ஒவ்வொரு மரத்திலும் 70 கிலோ இழுவை, அதையே 10 டிகிரிக்கு இழுத்துக் கட்டினால் 200 கிலோ ஆகிவிடும். தலை உயரத்தில் கட்டி, நடுவில் நாற்காலி உயரத்துக்குத் தொய்வு விட்டால் சரியாக இருக்கும். அடிமரத்தின் விட்டம் 15 செ.மீ.க்குக் குறையக்கூடாது. மேலே காய்ந்த கிளை தொங்கினால் வேறு மரம் பாருங்கள். ஆணி அடிக்கவே கூடாது.

கொட்டச்சேடு_அக்கா:
நான் இங்கேயே இருப்பவள், அதனால் ஒன்று சொல்கிறேன் தம்பி. எஸ்டேட்டில் நேராக நிற்கிற சில்வர் ஓக்கைப் பார்த்ததும் கட்டத்தான் தோன்றும், ஆனால் பாதி மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். ஜனவரியில் அதில் சரம் சரமாகக் காய் தொங்கும், பெல்ட் இறுக்கினால் கொடி நசுங்கிக் கணு கணுவாகக் கழன்றுவிடும், அந்த வருட மிளகு போச்சு. அதே மாதம் காப்பிப் பழம் பறிக்கிற நேரமும். செடிகளுக்கு நடுவில் நடக்காமல் ஆட்கள் போகிற தடத்திலேயே போங்கள், மேலாக ஓடுகிற வேர் மிதிபடும். இருட்டில் காட்டெருமை தோட்டத்துக்குள் வரும், அதன் பாதையில் கட்டிவிடாதீர்கள், எந்தப் பக்கம் வருகிறது என்று வேலையாட்களுக்குத் தெரியும். தீ மூட்டவே வேண்டாம், சருகு காய ஆரம்பிக்கிற நேரம். எங்கள் ஓடையோரத்தில் யாரோ விட்டுப்போன பிளாஸ்டிக் தட்டுகளைக் குரங்கு இழுத்துச் சிதறடித்ததை நாங்கள்தான் பொறுக்கினோம், எச்சில் பொட்டலம் வரைக்கும் திரும்ப எடுத்துப் போங்கள். வீட்டுக் கழிப்பறையைக் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

அஸ்தம்பட்டி_பைக்:
ரொம்ப நன்றிக்கா. அப்போ மிளகு ஏறாத மரமாக எஸ்டேட்காரரே காட்டட்டும். குளிருக்கு ஒரு கம்பளி போதுமா?

பட்டை_முக்கியம்:
மேலே போர்த்துவது மட்டும் போதாது, குளிர் அடியிலிருந்து ஏறும், படுத்தால் கம்பளி அழுந்திச் சூடு நிற்காது. முதுகுக்கு அடியில் ஒரு ஃபோம் மேட் விரித்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் கம்பளி.