பட்டன் புதுசு, சைடுவால் போச்சு: ஆஃப்-ரோடு டயர், ரிம் அனுபவங்கள்

பாறைப்பல்லி:

இது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். புது எம்டி டயர், அதாவது சேற்றுக்கான மட்-டெரெய்ன். பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டை, அதன் இடைவெளியில் விரல் முழுசாக இறங்கும். உடைந்த கருங்கல் ஏற்றம், ஃபோர்-லோ (நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் கியர் நிலை), முதல் கியர், நடக்கிற வேகம். வழி காட்டிக்கொண்டிருந்த நண்பர் கையை உயர்த்துவதற்குள் பின்பக்கம் ‘புஸ்’ என்று ஒரு சத்தம், வண்டி அந்தப் பக்கம் சாய்ந்தது.

இறங்கிப் பார்த்தேன். வலது பின் டயர். சைடுவாலில், அதாவது டயரின் பக்கச்சுவரில், கட்டைவிரல் நீளத்துக்கு வெட்டு, உள்ளே நூலிழை வெள்ளையாகத் தெரிந்தது. பட்டனில் ஒரு கீறல் கிடையாது. வார்ப்பிலிருந்து வரும் அந்தச் சின்னச் சின்ன ரப்பர் முடிகூட உதிரவில்லை.

எனக்கு ஆறாத விஷயம் என்னவென்றால், பின்னால் வந்த வண்டி அதே கல்லில் உரசிக்கொண்டு ஏறிப் போய்விட்டது. அது தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஏடி (ஆல்-டெரெய்ன்) டயர்தான், பார்க்கச் சாதுவாக இருக்கும். இரண்டு டயரின் சைடுவாலையும் குனிந்து படித்தேன். பொடி எழுத்தில் எத்தனை அடுக்கு என்று போட்டிருப்பார்களே, அதில் என்னுடையது சைடுவாலுக்கு 2 அடுக்கு பாலியெஸ்டர், அவருடையது 3. கடையில் பட்டனைத் தடவிப் பார்த்துப் பார்த்து வாங்குகிறோம். கல் வெட்டுவது பக்கவாட்டில். அங்கே என்ன இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதும் இல்லை.

மணல்மேடு:

அண்ணா, காற்று எவ்வளவு வைத்திருந்தீர்கள்? அதைச் சொல்லாமல் அடுக்கை மட்டும் சொன்னால் எப்படி?

என் கதை மணல். எங்களுக்கு முன்னால் ஒரு வண்டி ஆக்ஸில் வரைக்கும் புதைந்து நின்றது. எம்டி டயர்தான். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பட்டன் மணலை வாரிப் பின்னால் எறிந்து தனக்கே குழி தோண்டிக்கொண்டிருந்தது. கயிறு எடு, ஷவல் எடு என்று நான்கு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர், தன் வண்டியில் சாதாரண ஹைவே டயர் போட்டிருந்தவர், யாரிடமும் ஒன்றும் பேசாமல் மண்டியிட்டு உட்கார்ந்து வால்வு மூடியைக் கழற்றி ஊசியை அழுத்தினார். 35 பிஎஸ்ஐ இருந்தது, 16-க்கு இறக்கினார். நான்கு டயருக்கும் அதே மாதிரி. அப்புறம் ஓட்டுநரிடம், “தம்பி, ரெண்டாவது கியர், மெதுவா” என்றார். வண்டி எழுந்து வெளியே வந்தது. கயிறு பையை விட்டு வெளியே வரவே இல்லை.

டயர் தரையில் பதிகிற தடத்தை அவர் விரலால் கோடு போட்டுக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. காற்றை இறக்கினால் தடம் அகலமாகிறது என்றுதான் நினைத்திருந்தேன். அகலம் கொஞ்சம்தான் கூடுகிறது, நீளம்தான் நன்றாகக் கூடுகிறது. எடை பரவுகிறது, மணல் உடைவதில்லை.

ஆனால் கல்லில் அதே அளவு இறக்கினால் சைடுவால் தொந்தி வைத்த மாதிரி வெளியே பிதுங்கி, வெட்டு வாங்கத் தானே போய் நிற்கும். அதனால்தான் கேட்கிறேன், எவ்வளவு காற்று?

ஆறு ஸ்டட்:

டயர் சண்டைக்கு நடுவில் ரிம்மைப் பற்றியும் ஒருவர் பேச வேண்டும்.

வண்டிக்கு அலாய் (அலுமினியக் கலவை) ரிம் மாற்றினேன். ‘ஆறு ஸ்டட், 139.7, கண்ணை மூடிக்கொண்டு உட்காரும்’ என்று கடையில் சொன்னார்கள். ஸ்டட் என்பது நட் ஏறும் போல்ட், 139.7 என்பது அந்த ஆறும் நிற்கும் வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில். உட்கார்ந்தது. 80 தாண்டினால் ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம். பேலன்சிங் பார்த்தார்கள், அலைன்மென்ட் பார்த்தார்கள், நடுக்கம் போகவில்லை. ஒரு நாள் காட்டுப் பாதையில் நிறுத்தி இறங்கியபோது முன் சக்கரத்து நட்டைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம், மை தீற்றின மாதிரி. தொட்டால் விரலில் உலோகத் தூள் ஒட்டுகிறது. நட்டைப் பிடித்தேன், ஸ்பேனர் இல்லாமலே விரலுக்குச் சுற்றியது. கழற்றிப் பார்த்தால் ரிம்மின் ஓட்டை வட்டமாக இல்லை, முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது.

பழைய ரிம்முக்கு வந்த தட்டை வாஷர் நட்டையே புது ரிம்முக்கும் போட்டுவிட்டார்கள். புது ரிம்மின் ஓட்டை கூம்பு வடிவம். தட்டையான நட் கூம்பில் எங்கே உட்காரும்? விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. மலை இறக்கத்தில் அது கழன்றிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொன்று, 139.7 ஒத்துப்போனால் போதாது. டொயோட்டா ஹைலக்ஸும் ஃபோர்டு ரேஞ்சரும் ஆறு ஸ்டட், 139.7தான். ஹைலக்ஸின் நடு ஓட்டை 106.1 மில்லிமீட்டர், ரேஞ்சருடையது 93.1. ரேஞ்சர் ரிம் ஹைலக்ஸ் ஹப்பில் (ரிம் மாட்டும் நடுக்குமிழில்) ஏறவே ஏறாது. ஹைலக்ஸ் ரிம் ரேஞ்சரில் ஏறும், ஆனால் ஹப்பைச் சுற்றி இடைவெளி விட்டு ஆடும், நடுவில் வளையம் போட வேண்டும். புது ரிம் போட்டு 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் இறுக்கத்தை அளக்கும் டார்க் ஸ்பேனரால் நட்டை மறுபடி பார்க்காமல் யாரும் பயணம் கிளம்பாதீர்கள். தயவுசெய்து.

லோ கியர்:

பாறைப்பல்லி சொன்ன அடுக்குக் கணக்கை நான் அப்படியே ஏற்க மாட்டேன். ரிம் என்ன சைஸ் என்று அவர் சொல்லவே இல்லை. அதுதான் முதல் கேள்வி.

நான் பார்த்தது இது: 20 இஞ்ச் ரிம், மெல்லிய சைடுவால், முழங்கால் உயரக் கல்படி. ஏறி இறங்கிய நொடியில் ‘டொக்’ என்று உலோகச் சத்தம். டயர் கல்லுக்கும் ரிம் விளிம்புக்கும் நடுவில் நசுங்கி இரண்டு இடத்தில் பிளந்திருந்தது. எத்தனை அடுக்கு இருந்தாலும் இரும்புக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டினால் அவ்வளவுதான். கதை முடிந்தது, இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

265/70 ஆர்17 என்று இருந்தால், அகலம் 265 மில்லிமீட்டர், சைடுவால் அதில் 70 சதவீதம், அதாவது 185 மில்லிமீட்டர் சொச்சம், ரிம் 17 இஞ்ச். மொத்த உயரம் சுமார் 803 மில்லிமீட்டர். அதே உயரத்தை 20 இஞ்ச் ரிம்மில் வேண்டுமென்றால் சைடுவால் 147 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். நான்கு சென்டிமீட்டர் மெத்தை போச்சு. காற்றை இறக்கவும் இடமில்லை. பிரேக் காலிப்பர் இடிக்காத அளவுக்கு எவ்வளவு சின்ன ரிம் போட முடியுமோ அதைப் போடுவதுதான் மண்ணுக்கும் கல்லுக்கும் நல்லது.

அடுத்தது ஆஃப்செட், அதாவது ரிம் ஹப்பில் உட்காரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது. இதை யாரும் கேட்பதில்லை, கடையில் ‘வெளியே தள்ளி நின்றால் கெத்தாக இருக்கும்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கம்பெனி ரிம் 7.5 இஞ்ச் அகலம், ஆஃப்செட் பிளஸ் 30 என்று வையுங்கள். 9 இஞ்ச் அகலம், ஆஃப்செட் சைபர் ரிம் போட்டால் வெளி விளிம்பு ஒரு பக்கம் 49 மில்லிமீட்டர் வெளியே வந்து நிற்கும். வீல் பேரிங் மேல் நெம்புகோல் நீளுகிறது. குழியில் விழும்போது ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். முழுசாகத் திருப்பினால் மட்கார்டின் பின் முனையில் டயர் உரசும், நேராக நிற்கும்போது தெரியவே தெரியாது. போட்டதும் ஒரு முறை ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டில் ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள்.

உயரம் கூட்டுகிறவர்களுக்கும் ஒன்று. 245/75 ஆர்16 இருந்த இடத்தில் 265/75 ஆர்16 போட்டால் உயரம் 774-லிருந்து 804 மில்லிமீட்டர். ஏறக்குறைய நான்கு சதவீதம். மீட்டரில் 100 காட்டும்போது வண்டி 104-ல் போகிறது. தரையிலிருந்து கிடைக்கும் உயரமோ பாதிதான், 15 மில்லிமீட்டர். அதற்கு விலையாக ஃபோர்-லோவின் இழுவையும் அதே நான்கு சதவீதம் குறைகிறது.

ஸ்டீல் ரிம்மைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள் வருவார்கள். நல்ல அலாய் ரிம், ஸ்டீல் ரிம்முக்குக் குறைந்ததில்லை, எடையும் பெரும்பாலும் குறைவு.

தூரப்பயணி:

வந்துவிட்டேன் லோ கியர்.

ஆற்றுப் படுகைக் கல்லில் எங்கள் கூட்டத்து வண்டி ஒன்றின் ஸ்டீல் ரிம் விளிம்பு உள்ளே மடங்கி, பீடு (ரிம்மைக் கவ்வும் டயர் விளிம்பு) விட்டுக் காற்று முழுசும் போய்விட்டது. ரிம்மைக் கழற்றித் தட்டையான ஒரு கல் மேல் வைத்து, கனமான சுத்தியலால் மடங்கிய இடத்தை வெளிப்பக்கமாக அடித்து நிமிர்த்தினார்கள். பெயின்ட் சிலும்பு சிலும்பாகத் தெறித்தது. பீடைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் பூசிக் காற்றை ஏற்றினோம். முதலில் நுரை வந்தது, இன்னும் இரண்டு அடி, நுரை நின்றது. அந்த ரிம்மோடுதான் வீடு வந்து சேர்ந்தார். அலாய் என்றால் அங்கே விரிசல் விட்டிருக்கும், சுத்தியல் எடுத்தால் மேலும் உடையும். எடை, அழகு எல்லாம் சரி. ஆளில்லாத இடத்தில் கையால் சரிசெய்ய முடிகிறதா என்பதுதான் எனக்குக் கேள்வி.

லோ கியர்:

அந்த அளவுக்கு மடங்கிய ரிம்மோடு நெடுஞ்சாலை வேகத்தில் வீட்டுக்குப் போவது சரியில்லை என்பேன். வெளியே வரும் வரைக்கும் சரி. ஆனால் காட்டிலிருந்து வெளியே வந்தார் என்பதை மறுக்கவில்லை.

மழைத்தடம்:

எல்லோரும் கல், மணல் என்று போய்விட்டீர்கள். என்னை உலுக்கியது நல்ல தார்ச்சாலை.

புது மழை, சாலை பளபளவென்று இருந்தது. முன்னால் போன வண்டி நின்றது, நானும் மிதித்தேன். ஏபிஎஸ் காலுக்கடியில் படபடவென்று அடிக்கிறது, வண்டி மட்டும் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகிறது. முன் வண்டியின் நம்பர் பிளேட்டில் இருந்த திருகாணி தெரிகிற தூரத்தில் நின்றேன். பின் சீட்டில் குழந்தைகள் இருந்தார்கள். அது எம்டி டயர், பட்டன் அருமையாக இருந்தது.

எம்டி பட்டன் பெரியது, இடைவெளி அகலம். சேற்றைப் பிடித்து எறிவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். அதனாலேயே ஈரத் தாரில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு, பட்டனுக்குள் இருக்கும் மெல்லிய கீறல்களும் குறைவு. ஏடி டயரில் அந்தக் கீறல்கள் நிறைய இருக்கும், ஈரத்தில் பிடிப்பது அவைதான். பிஎஃப்குட்ரிச் தன் ஆல்-டெரெய்ன் டயரை 1976-ல் கொண்டுவந்தது. இரண்டு வேலையும் ஒரே டயர் பார்க்க வேண்டும் என்ற தேவை அவ்வளவு பழையது. ஓட்டத்தில் பெரும்பகுதி தாரில்தான் என்றால் ஏடி போடுங்கள். சேறே கதி என்பவருக்கு எம்டி. இதில் கௌரவம் ஒன்றும் இல்லை.

நடுப்பெட்டி:

ஃபுல்-டைம் ஃபோர் வீல், அதாவது எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, வைத்திருப்பவர்கள் இதையும் கேளுங்கள்.

ஒரு டயர் கிழிந்தது. மற்ற மூன்றும் பாதி தேய்ந்தவை. கடையில் ‘ஒன்று மட்டும் மாற்றினால் போதும் சார்’ என்றார்கள். நீண்ட பயணத்தில் வண்டிக்கு அடியிலிருந்து சூடான எண்ணெய் வாசனை. நிறுத்துமிடத்தில் வளைத்துத் திருப்பினால் யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி வண்டி தயங்கியது. முன், பின் சக்கரங்களின் வேக வித்தியாசத்தை நடுவில் சமாளிக்கும் பெட்டியான விஸ்கஸ் கப்ளிங் போய்விட்டது.

கணக்கு போட்டுப் பார்த்தேன். 803 மில்லிமீட்டர் டயரில் பட்டன் 6 மில்லிமீட்டர் தேய்ந்தால் சுற்றளவு 38 மில்லிமீட்டர் குறைகிறது. ஒரு கிலோமீட்டருக்கு அந்தச் சக்கரம் சுமார் ஆறு சுற்று அதிகம் சுற்றுகிறது. அந்த வித்தியாசத்தை நடுவில் இருக்கும் பெட்டி நேர்ச்சாலையிலும் ஓயாமல் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வேறு எங்கே போகும் சூடு? சில கம்பெனிகள் நான்கு டயருக்கும் சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன. கால் அங்குலம் என்றால் ஆறு மில்லிமீட்டர் சொச்சம்.

பாறைப்பல்லி:

மணல்மேடு தம்பிக்கு: 20 பிஎஸ்ஐ. கல்லுக்கு அது வழக்கமான அளவுதான், பின்னால் வந்தவரும் அதே 20-ல்தான் ஏறினார். லோ கியருக்கு: இரண்டு வண்டியும் 17 இஞ்ச் ரிம், ஒரே டயர் சைஸ். அதனால் அடுக்குக் கணக்கை நான் விடப்போவதில்லை.

நடுப்பெட்டி சொன்னதைப் படித்ததும் ஐந்தையும் ஒரே மாதிரி எடுக்க முடிவு செய்துவிட்டேன். எல்டி (லைட் டிரக் ரகம்), சைடுவால் 3 அடுக்கு, ஏடி, கம்பெனி அகலமே. ஸ்டெப்னியும் அதில் சேர்த்தி.

செம்மண் தடம்:

ஸ்டெப்னி என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பழைய வண்டி ஒன்றை வாங்கிய நண்பரோடு போனேன். பஞ்சர். அடியிலிருந்து ஸ்டெப்னியை இறக்கினோம், தரையையே தொடாத டயர், பட்டனில் கம்பெனி வண்ணக் கோடு அப்படியே இருந்தது. மாட்டிக்கொண்டு கிளம்பினோம். கொஞ்ச தூரத்தில் மட்கார்டுக்குள் ‘படார் படார்’ என்று அடி. நிறுத்தினால், பட்டன் பட்டை பாதி உரிந்து தொங்குகிறது, உள்ளே கம்பி வலை தெரிகிறது. சைடுவாலில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளுக்குக் கடைசியில் இருக்கும் நான்கு இலக்கத்தைத் துடைத்துப் பார்த்தோம்: 0912. 2012-ஆம் வருடம் ஒன்பதாவது வாரம் செய்த டயர். ஓடாமலே ரப்பர் செத்திருக்கிறது.

ஐந்து எடுக்கிறீர்கள் என்றால் ஐந்தாவதை மூட்டை கட்டி வைக்காதீர்கள். ஒவ்வொரு முறை டயர் இடம் மாற்றும்போதும் அதையும் சுற்றில் சேருங்கள், ஐந்தும் ஒரே அளவில் தேயும், நடுப்பெட்டியின் பிரச்சினையும் வராது. வாங்கும்போது ஐந்திலும் அந்த நான்கு இலக்கத்தைப் படித்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். உள்பக்கமாகத் திரும்பியிருந்தால் குனிந்து டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும், சில டயர்களில் ஒரு பக்கம் மட்டும்தான் முழு எண் இருக்கும்.