இண்டிகேட்டர் சுவிட்சை மாற்ற ஸ்டீயரிங்கைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

மழைப்பயணி:
வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் சற்று மினுங்கிவிட்டு அணைந்துவிடுகிறது. நெம்புகோலை விரலால் அழுத்திப் பிடித்திருந்தால் ஒழுங்காக வேலை செய்கிறது. இடப்பக்கம் ஒரு குறையும் இல்லை. ஹசார்டு (அவசர எச்சரிக்கை விளக்கு) போட்டால் நான்கு விளக்குகளும் மினுங்குகின்றன. புதிய சுவிட்ச் வாங்கி வைத்திருக்கிறேன், சாக்கெட் ரெஞ்சுகளும் இருக்கின்றன. ஆனால் ஸ்டீயரிங் நடுவில் ஏர்பேக் இருப்பதால் கைவைக்கத் தயக்கமாக இருக்கிறது. வழி சொல்லுங்கள்.

பட்டறைவாசி:
ஹசார்டில் நான்கும் மினுங்குகின்றன என்று எழுதினீர்களே, அதுவே பாதி வேலையை முடித்துவிட்டது. பல்பும், அதை மினுங்க வைக்கும் ஃபிளாஷரும் நிரபராதிகள். அழுத்திப் பிடித்தால் எரிகிறது என்றால் சுவிட்சின் உள்ளே தொடுமுனை தேய்ந்திருக்கிறது. பலர் இதைப் பார்க்காமல் பல்பு பல்பாக மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் ஸ்டீயரிங் தண்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மூடிகளை மட்டும் கழற்றிப் பாருங்கள். பல கார்களில் நெம்புகோல் தனித் துண்டாக இருக்கும். ஓரிரு ஸ்க்ரூவையோ கிளிப்பையோ விடுவித்தால் பக்கவாட்டில் உருவிவிடலாம். அப்படியானால் ஏர்பேக் பேச்சே வேண்டாம். முழு சுவிட்சும் தண்டின் மேல் மாட்டிய ஒரே வளையமாக இருந்தால்தான் ஸ்டீயரிங் வெளியே வர வேண்டும்.

மின்தொடுப்பு:
பழைய சுவிட்சையே பிரித்து காண்டாக்ட் கிளீனர் அடித்துப் பாருங்களேன். என் காரில் அதோடு சரியாகிவிட்டது.

பட்டறைவாசி:
அழுக்கு என்றால் சரியாகும், தேய்மானத்தை எந்தத் திரவமும் வளர்த்துத் தராது. மேலும், பிரிக்கும்போது உள்ளிருந்து தெறிக்கும் சிறு ஸ்பிரிங்கைத் தேடி இருக்கைக்கு அடியில் தவழ வேண்டிவரும். புதியது கையில் இருக்கும்போது எதற்கு?

மழைப்பயணி:
மூடியைக் கழற்றிப் பார்த்தேன் ஐயா. ஒரே வளையம்தான். புதிய சுவிட்சோடு சுருள் கேபிளும் சேர்ந்தே வந்திருக்கிறது. அதில் ஒரு சிறிய பிளாஸ்டிக் முள் குத்தியிருக்கிறது. அதை எடுத்துவிடலாமா?

பட்டறைவாசி:
தொடாதீர்கள்! அந்த முள்தான் சுருளை நடுநிலையில் பிடித்து வைத்திருக்கிறது. உள்ளே கடிகார ஸ்பிரிங் போலச் சுருண்ட மெல்லிய பட்டை கேபிள் இருக்கிறது. ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. நடுநிலை தவறி மாட்டினால், ஒரு பக்கம் முழுக்கத் திருப்பும்போது அறுந்துவிடும். முன்சக்கரங்கள் நேராக இருக்க, தண்டின் மேல் பொருத்தி முடித்த பிறகே முள்ளை உருவுங்கள்.

இனி வேலை. சக்கரங்களை நேராக்கி, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். கழற்றியதும் ஏர்பேக்கைத் தொடக் கூடாது. விபத்தில் பேட்டரி அறுந்தாலும் பை விரிய வேண்டும் என்பதற்காகக் ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர் வைத்திருக்கிறார்கள். அதிலுள்ள மின்னூட்டம் வடிய உங்கள் கார் கையேடு எவ்வளவு நேரம் சொல்கிறதோ அவ்வளவு காத்திருங்கள். ஏர்பேக்கை ஸ்டீயரிங்கின் பின்புறமுள்ள ஸ்க்ரூக்களோ கிளிப்புகளோ பிடித்திருக்கும். பின்னுள்ள மஞ்சள் இணைப்பை விடுவித்து, அலங்கார முகம் மேலே பார்க்கும்படி தனியிடத்தில் வையுங்கள். கவிழ்த்து வைத்தால், தற்செயலாக வெடிக்கும்போது முழுப் பெட்டியும் கூரைக்குப் பறக்கும். மல்டிமீட்டரை அதன் பக்கமே கொண்டுபோக வேண்டாம். அளக்க அனுப்பும் சிறு மின்சாரமே அதை வெடிக்க வைத்துவிடலாம்.

நடு நட்டைத் தளர்த்தும்போது ஸ்டீயரிங்கை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். ஸ்டீயரிங் பூட்டின் பலத்தை நம்பித் திருகினால் பூட்டு போகும். நட்டை முழுதும் கழற்றாமல் சில மரைகள் விட்டு வைத்து, இருபுறமும் மாறி மாறி ஆட்டி இழுங்கள். விடுபடும் வேகத்தில் ஸ்டீயரிங் உங்கள் பல்லைத் தேடி வராமல் அந்த நட்டு தடுக்கும். அசையாவிட்டால் புல்லர் (ஸ்டீயரிங்கை இழுத்துக் கழற்றும் கருவி) போடுங்கள். சுத்தியல் வேண்டவே வேண்டாம். மோதலில் மடங்குவதற்காகவே அமைத்த தண்டு அது. விடுபட்டதும், உருவுவதற்கு முன் தண்டிலும் ஸ்டீயரிங்கிலும் ஒரே நேர்க்கோட்டில் குறியிட்டுவிடுங்கள். மாட்டும்போது தண்டின் வரிப்பற்களில் ஒரு பல் தள்ளினாலும் நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் சாய்ந்தே நிற்கும்.

மின்தொடுப்பு:
மாட்டும்போது புது நட்டும், குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சும் தேவை. பேட்டரியைக் கடைசியில் இணையுங்கள். முதல்முறை சாவி போடும்போது ஏர்பேக்குக்கு எதிரே யாரும் உட்கார வேண்டாம். ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையவில்லை என்றால் மஞ்சள் இணைப்பு முழுதாக அமரவில்லையா என்று பாருங்கள். அதற்கும் முன் மறுபடி பேட்டரியைக் கழற்றிக் காத்திருக்க வேண்டும்.

பட்டறைவாசி:
சரியாகச் சொன்னீர்கள். ஒன்று விட்டுப்போனது: சில கார்களில் ஸ்டீயரிங் கோண சென்சாரும் இதே கட்டமைப்பில் இருக்கும். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் (கார் சறுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், காரின் கணினியோடு பேசும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் அளவுத்திருத்தம் செய்துகொள்ளுங்கள். இண்டிகேட்டர் இருபுறமும் தானாகத் திரும்பி அணைகிறதா என்பதை, மூடியைத் திருகுவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள்.