ராய்க்கூ இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது

குழு: கும்பகோணம் வீடு

வெள்ளி

அம்மா: பீரோ மேல்தட்டு காலி செய்தாயிற்று. அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு விளையாட்டுப் பெட்டி இருந்தது. யாருடையது?

வித்யா: படம் அனுப்பும்மா

அம்மா: [படம்]

கணேஷ்: என்னுடையது

முரளி: நம்முடையது

ரகு மாமா: 2001ல் சிங்கப்பூரிலிருந்து நான் வாங்கி வந்த கேம் பாய். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று என்று சொல்லித்தான் கொடுத்தேன்

வித்யா: சண்டை அங்கேதான் ஆரம்பித்தது மாமா 😀

முரளி: அப்பா அதைத் தூக்கிப் போட்டுவிட்டார் என்றல்லவா இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்

அம்மா: பூட்டி வைத்தார். போடவில்லை. பேட்டரியைக் கழற்றித் தனியாகக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறார், கசியாமல் இருக்க

முரளி: 🙏

ஆதி: மாமா வேலை செய்கிறது!! பேட்டரி போட்டேன்

அம்மா: கூடத்துக் கடிகாரமும் நின்றுவிட்டது, சமையலறைக் கடிகாரமும் நின்றுவிட்டது. இவன் வேலைதான்

வித்யா: ஆதி, கடைக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கிப் பாட்டி கடிகாரத்தில் போடு. முதலில் அது

ஆதி: சரிம்மா. போக்கிமான் கோல்டு உள்ளே இருக்கிறது. கன்டினியூ என்று வருகிறது. 214 மணி நேரம் விளையாடியதாகக் காட்டுகிறது

முரளி: டேய் நியூ கேம் அழுத்திவிடாதே. கை வைக்காதே. கணேஷ் அண்ணா பார்த்தாயா, சேவ் இருக்கிறது!

கணேஷ்: பார்த்தேன். நம்ப முடியவில்லை

சுதா அண்ணி: ஊஞ்சல் விஷயம் என்ன ஆனது? வீடு வாங்குகிறவர் ஊஞ்சலை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறாராமே

அம்மா: யார் சொன்னது?

சுதா அண்ணி: பக்கத்து வீட்டு மாமி

அம்மா: அவளுக்கு எப்படித் தெரியும்

முரளி: ஆதி, கேமுக்குள் போக்கிமான் பட்டியல் இருக்கும், போக்கிடெக்ஸ் என்று, அதைத் திறந்து ராய்க்கூ இருக்கிறதா பார். மஞ்சள் உடம்பு, முதுகில் ஊதா மேகம்

ஆதி: பார்த்தது என்று இருக்கிறது, பிடித்ததாகக் குறி இல்லை. என்டெயும் அப்படியே. சூய்குன் மட்டும் பிடித்ததாக இருக்கிறது

வித்யா: என்டெய் பற்றிப் பேச வேண்டாம்

கணேஷ்: 22 வருஷம் ஆகிவிட்டது

முரளி: நான் பத்தாவது பரீட்சை எழுதப் போயிருந்தபோது நீ அதை அடித்து வீழ்த்திவிட்டு சேவும் செய்துவிட்டாய். கோல்டு, சில்வரில் ஒருமுறை வீழ்த்திவிட்டால் அது திரும்ப வரவே வராது. சேவ் செய்யாமல் அணைத்திருந்தால்கூடப் போதும்

கணேஷ்: எனக்குத் தெரியாது. அப்போதே சொன்னேன்

அம்மா: என்ன மிருகம் அது?

முரளி: அம்மா, ஜோட்டோ என்கிற ஊர்ப்பக்கத்தில் எக்ருடீக் என்று ஒரு ஊர். அங்கே ஒரு கோபுரம் எரிந்துபோனது. அதில் இறந்த மூன்று மிருகங்களை ஹோ-ஓ என்கிற பறவை உயிர்ப்பித்தது. அவைதான் ராய்க்கூ, என்டெய், சூய்குன். அந்தக் கோபுரத்தின் அடித்தளத்துக்கு நாம் இறங்கினால் மூன்றும் நம்மைப் பார்த்துவிட்டு ஓடிவிடும். அதன்பிறகு பாதை பாதையாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். கதை முடிக்க அவை தேவையில்லை. ஆனால் நேரில் பார்த்தவனுக்கு விட மனசு வராது

அம்மா: சரிப்பா

சனி

ஆதி: சின்ன மாமா, ராய்க்கூவை நான் பிடிக்கட்டுமா? எப்படி?

முரளி: உன்னிடம் இப்போது முதலில் நிற்பது யார்?

ஆதி: டைஃப்லோஷன், லெவல் 58

முரளி: பையில் ரெப்பல்?

ஆதி: மேக்ஸ் ரெப்பல் 31 இருக்கிறது

முரளி: எல்லாரும் கேளுங்கள். எங்கள் தப்பு இதுதான். ரெப்பல் போட்டால், முதலில் நிற்கும் நம் போக்கிமானைவிட லெவல் குறைந்த எதுவும் எதிரே வராது. ராய்க்கூவின் லெவல் 40. நாங்கள் 58ஐ முன்னால் நிறுத்திக்கொண்டு, மற்றவை தொல்லை செய்யக் கூடாது என்று ரெப்பலும் போட்டு, வருஷம் முழுக்கப் புல்லில் நடந்தோம். அது காலடியிலேயே இருந்திருக்கும், வந்திருக்காது. முன்னால் நிற்பது 40 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். அப்போது அந்தப் பாதையில் உள்ள சாதாரணப் போக்கிமான்கள் எல்லாம் ஒதுங்கிவிடும், ராய்க்கூ மட்டும்தான் வர முடியும். நமக்குத் தடையாக இருந்த அதே ரெப்பல்தான் வலையும்

கணேஷ்: ஐயோ

வித்யா: ஒரு வருஷம்!

ரகு மாமா: அடுத்த ஞாயிறு எத்தனை பேர் சாப்பாட்டுக்கு?

அம்மா: 11. கணேஷ் வந்தால் 13

கணேஷ்: வருகிறேன் என்றுதான் நினைக்கிறேன்

சுதா அண்ணி: லீவு இன்னும் கிடைக்கவில்லை

ஆதி: மாமா அப்புறம்?

முரளி: இரண்டாவது, பறக்கக் கூடாது. நாம் ஒரு பாதையிலிருந்து அடுத்த பாதைக்குப் போகும்போதெல்லாம் அதுவும் நகரும். ஃப்ளை பயன்படுத்தினால் மொத்தமாக எங்கோ தாவிவிடும். எக்ருடீக்கில் இரு. 37, 38, 42 மூன்று பாதைகளும் அந்த ஊரிலிருந்துதான் பிரிகின்றன, 37ஐத் தாண்டினால் 36. போக்கிடெக்ஸில் ஏரியா பார், நடந்து ஓர் எல்லையைத் தாண்டு, திரும்பப் பார். நீ நிற்கும் பாதைக்கே அது வந்ததும் சேவ் செய். பிறகு ரெப்பல் போட்டுப் புல்லில் இறங்கு. சேவ் செய்தாயிற்றா என்று இரண்டு முறை பார். கை தவறி வீழ்த்திவிட்டால் சேவ் செய்யாமல் அணைத்துவிடலாம்

கணேஷ்: கடைசி வரி எனக்கு

முரளி: இல்லை, அவனுக்குத்தான்

ஆதி: வந்தால் உடனே ஓடிவிடுமே?

முரளி: அதன் முறை வந்த உடனே ஓடிவிடும். ஆகவே அதற்கு முன்னால் நாம் மீன் லுக் என்கிற முறைப்பைப் போட வேண்டும், அப்போது ஓட முடியாது. ராய்க்கூ மிக வேகமானது. அதைவிட வேகமானதும், லெவல் 40க்குள் இருப்பதும், மீன் லுக் தெரிந்ததும் வேண்டும். குரோபாட்

ஆதி: பெட்டியில் கோல்பாட் இருக்கிறது. லெவல் 31

முரளி: அது ஆகாது. கோல்பாட்டுக்கு 42ல்தான் மீன் லுக் வரும், நம் எல்லை 40. ஸூபாட்டாகவே வைத்திருந்தால் 36ல் வந்துவிடும். புதிதாக ஒரு ஸூபாட் பிடி. 22ல் பரிணாமம் ஆகப் பார்க்கும், பி பட்டனை அழுத்தி நிறுத்து. அதிலிருந்து 36 வரை ஒவ்வொரு லெவலிலும் நிறுத்து. 36ல் மீன் லுக் கற்றதும் 37ல் விடு, கோல்பாட் ஆகும். அதற்குள் உன்மேல் அதற்குப் பிரியம் வந்திருந்தால் 38ல் குரோபாட். 38, 39, 40, இந்த மூன்று லெவலுக்குள் வேலை முடிய வேண்டும்

வித்யா: பிரியம் எப்படி வரும்?

முரளி: கூடவே நடக்க வேண்டும், மயங்கி விழ விடக் கூடாது. கோல்டன்ராட் சுரங்கப்பாதையில் முடி வெட்டும் அண்ணன் தம்பி இருக்கிறார்கள். செவ்வாய், வியாழன், சனி அண்ணன். புதன், வெள்ளி, ஞாயிறு தம்பி. அவர்களிடம் அழைத்துப் போனால் பிரியம் கூடும்

வித்யா: ஒரே கடை, இரண்டு பேரும் ஒரே நாளில் வருவதில்லை 😀

அம்மா: கணேஷ், முரளி இரண்டு பேரும் ஞாயிறு ஒன்றாக வாருங்கள், அது போதும்

கணேஷ்: முரளி, ஒரு விஷயம். ராய்க்கூ மின்சாரம், குரோபாட் பறக்கும் இனம். இரண்டு தண்டர்ஷாக்கில் விழுந்துவிடும். ஹான்டர்தான் சரி. பரிணாமத்துக்கு முன் காஸ்ட்லி என்கிற போக்கிமானாக இருக்கும்போதே தூங்கவைக்கும் ஹிப்னாசிஸ் தெரியும், 13ல் மீன் லுக். தூங்கவைத்தால் ஓடாது. இன்னொன்று, ரோர் என்று ஒரு கத்தல் வைத்திருக்கிறது, மீன் லுக் போட்டிருந்தாலும் அது கத்தினால் சண்டை முடிந்துவிடும். தூங்குகிற மிருகம் கத்தாது

முரளி: ஹான்டர் 40ல் ராய்க்கூவைவிட மெதுவு. கண்ணை மூடவைப்பதற்குள் போய்விடும்

கணேஷ்: 50க்கு மேல் வளர்த்துவிடு. ரெப்பல் வேண்டாம். சந்திக்க நாள் ஆகும், சந்தித்தால் நம் கையில்

முரளி: ஹிப்னாசிஸ் பத்துக்கு நாலு முறை தவறும்

கணேஷ்: குரோபாட் விழுந்தால் பத்துக்குப் பத்தும் தவறும்

சுதா அண்ணி: இவர் லேப்டாப்பில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். லீவு கேட்கச் சொன்னேன்

முரளி: சரி, குரோபாட்டை வைத்தே பாதுகாப்பாகச் செய்ய வழி இருக்கிறது. அது ஓடிப்போனாலும் பட்ட அடி ஆறாது, அடுத்த முறை அதே காயத்தோடுதான் வரும். முதல் சில சந்திப்பில் பைட், ஒரே ஒரு கடி, அது ஓடட்டும். உயிர்க்கோடு சிவப்பானதும், அடுத்த சந்திப்பில் மீன் லுக், பிறகு பிடிக்க அல்ட்ரா பால் பந்து. நடுவில் குரோபாட்டை வெளியே எடுத்தால் மீன் லுக் போய்விடும், அதை மட்டும் மறக்காதே

ஆதி: எதையும் தவறாமல் பிடிக்கும் மாஸ்டர் பால் இல்லையா? புரொபசர் எல்ம் ஒன்று தருவாரே

முரளி: வித்யா, நீ சொல்கிறாயா நான் சொல்லட்டுமா

வித்யா: எனக்கு அப்போது எட்டு வயது. ஹூட்ஹூட் அழகாக இருந்தது

ஆதி: அம்மா!!

வித்யா: அது பெட்டியில் இன்னும் இருக்கும், பார்

ஆதி: இருக்கிறது. லெவல் 4. பையில் ஃபாஸ்ட் பால் 26 இருக்கிறது மாமா, அதைப் போடட்டுமா?

முரளி: வேண்டாம்டா. அசேலியா ஊரில் வெள்ளை அப்ரிகார்ன் காய் ஒரு நாளைக்கு ஒன்று பறித்து, கர்ட் தாத்தாவிடம் கொடுத்து, மறுநாள் வாங்கிச் சேர்த்தது. ஓடுகிற போக்கிமானுக்கென்று செய்த பந்து. ஆனால் கோல்டு, சில்வரில் நிரலில் பிழை. மூன்றே மூன்று போக்கிமானுக்குத்தான் அது வேலை செய்யும்: மேக்னமைட், கிரைமர், டாங்கிலா. ராய்க்கூவுக்குச் சாதாரணப் பந்து மாதிரிதான். இது எனக்கு ரொம்பப் பிறகுதான் தெரியும்

கணேஷ்: 26 நாள் நீ காலையில் எழுந்து பறித்தாயே. நான் உன்னைத் திட்டினேன், சரியாக எறியத் தெரியவில்லை என்று

முரளி: ஆமாம்

கணேஷ்: உன் தப்பு இல்லை முரளி

முரளி: சரி விடு

ரகு மாமா: கடைத்தெருவில் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் இருக்கிறார். அந்தக் கேசட்டுக்குப் புது பேட்டரி போட்டுக் கொடுப்பார். திங்கள் கொண்டு போகட்டுமா?

முரளி: மாமா வேண்டாம்

கணேஷ்: வேண்டாம் மாமா

ஆதி: வேண்டாம் தாத்தா

ரகு மாமா: ஏன், எல்லாரும் இப்படி

முரளி: மாமா, உள்ளே சிஆர்2025 என்று ஒரு பட்டன் பேட்டரி, பலகையோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். சேவும் கேமுக்குள் ஓடும் கடிகாரமும் அந்த ஒரே பேட்டரியில்தான் நிற்கின்றன. அதைக் கழற்றிய நொடியில் 214 மணி நேரமும் போய்விடும். இத்தனை வருஷம் தாங்கியதே பெரிது, எந்த நாளும் தீர்ந்துபோகலாம். அதனால்தான் அவசரம்

கணேஷ்: கேட்ரிட்ஜைக் கணினியில் சொருகிப் படிக்கும் கருவி ஒன்று ஆர்டர் செய்கிறேன். சேவை நகல் எடுத்துவிட்டுப் பேட்டரி மாற்றி, திரும்ப ஏற்றிவிடலாம்

வித்யா: அப்படியானால் ஞாயிறு வருகிறாயா அண்ணா?

கணேஷ்: கருவி வந்தால்

அம்மா: கருவி வந்தால்தான் மகன் வருவானா

சுதா அண்ணி: வருவோம் அத்தை. சனி இரவே கிளம்பிவிடுகிறோம்

முரளி: பிறகு கேம் பாய் யார் வீட்டுக்குப் போகும்?

கணேஷ்: அதை நேரில் பேசலாம்

வித்யா: 2001லும் இதைத்தான் நேரில் பேசினீர்கள்

அம்மா: ஊஞ்சல் போகாது. அவரிடம் நானே கேட்டுவிட்டேன். அவர் கேட்டது கிணற்று ராட்டினம்

ரகு மாமா: ராட்டினமா? அது தாத்தா வாங்கியது. அதைக் கொடுக்கக் கூடாது

அம்மா: நீ எடுத்துக்கொண்டு போய் எங்கே மாட்டுவாய்?

செவ்வாய்

ஆதி: யூனியன் குகையில் ஸூபாட் பிடித்தேன். காஸ்ட்லியும் ஒன்று பிடித்தேன், ஸ்ப்ரவுட் கோபுரத்தில், இரவில். இரண்டையும் வளர்க்கிறேன்

கணேஷ்: 👍 ஹான்டர்

முரளி: குரோபாட்

ஆதி: முடி வெட்டவும் அழைத்துப் போனேன். இன்று அண்ணன் இருந்தார்

புதன்

வித்யா: ராட்டினம் என்ன ஆனது?

அம்மா: ரகு இன்னும் யோசிக்கிறான்

ஆதி: மாமா ஸூபாட் 22 வந்துவிட்டது. திரை மினுங்குகிறது

முரளி: பி

கணேஷ்: பி அழுத்து

வித்யா: பி

முரளி: அழுத்தினாயா?

ரகு மாமா: எதை அழுத்தச் சொல்கிறீர்கள்?

ஆதி: நின்றுவிட்டது. இன்னும் ஸூபாட்தான்

கணேஷ்: நல்ல வேளை. இன்னும் 14 லெவல்

அம்மா: ஞாயிறு 13 இலையா 15 இலையா? வாழை இலைக்காரர் வாசலில் நிற்கிறார்