வெயில் ஊரில் கைக்குழந்தையோடு பூங்காவுக்குப் போவது எப்படி?

நிழல்தேடி:
மூத்தவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு எட்டு மாதம். இரண்டு பேரையும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு கோடை முழுக்க ஓட்டுவது நடக்கிற காரியமில்லை. பகலில் கதவைத் திறந்தாலே அனல் அடிக்கிறது, அதனால் மாலை நாலரை, ஐந்து மணிக்குத்தான் பூங்காவுக்குக் கிளம்புகிறோம். ஆனால் போன கொஞ்ச நேரத்திலேயே பெரியவள் முகமெல்லாம் சிவந்து "தூக்கு, தூக்கு" என்று அடம் பிடிக்கிறாள், சின்னவன் ஸ்ட்ரோலரில் வியர்த்துக் கொட்டி அழுகிறான். அவன் மேல் வெயில் படக் கூடாதென்று மெல்லிய துணியால் வண்டியை மூடித்தான் கூட்டிப் போகிறேன், அப்படியும் இந்தப் பாடு. வெயில் தாழ்ந்த பிறகும் ஏன் இவ்வளவு சூடு? சறுக்குமரத்தில் கையே வைக்க முடியவில்லை. வீட்டில் பெரியவர்கள் "இந்த வெயிலில் பூங்கா ஒரு கேடா" என்கிறார்கள். தொப்பி போடுங்கள், தண்ணீர் கொடுங்கள் என்பதெல்லாம் எனக்கும் தெரியும், அதைத் தாண்டி ஏதாவது சொல்லுங்கள்.

விடியற்காலைக் கட்சி:
முதலில் அந்தத் துணியை எடுத்துவிடுங்கள். வெயிலை மறைக்கிறதோ இல்லையோ, காற்றை நன்றாகவே மறைக்கிறது. சிட்னி பல்கலைக்கழகத்தில் இதை அளந்தே பார்த்து 2023-இல் வெளியிட்டார்கள்: உலர்ந்த மஸ்லின் துணியால் மூடினால் ஸ்ட்ரோலருக்குள் வெப்பம் 2 டிகிரிக்கு மேல் கூடுகிறது, அதே துணியை நனைத்துப் போட்டு ஒரு குட்டி விசிறியையும் மாட்டினால் 4 டிகிரிக்கு மேல் குறைகிறது. துணி காயக் காய மறுபடி நனைக்க வேண்டும், காற்றில் ஈரப்பதம் அதிகமுள்ள ஊர் என்றால் அவ்வளவு பலன் இருக்காது. அதற்கு வண்டியின் கூரையை மட்டும் இழுத்துவிட்டு, பக்கவாட்டைத் திறந்து வைத்து, ஒரு குடை பிடிப்பதே மேல்.

அப்புறம் மாலை ஐந்து மணி. வெயில் உச்சிக்கு வருவது நண்பகலில், ஆனால் காற்று அதிகம் சூடாவது அதற்கும் இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான். தார்ச்சாலை, சிமெண்ட் தரை, சுவர் எல்லாம் பகல் முழுக்கக் குடித்த வெப்பத்தை மாலையில் திருப்பித் தருகின்றன. ஸ்ட்ரோலரில் இருப்பவன் தரைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறான் என்று பாருங்கள். நகரத்துத் தரை அதிகம் ஆறியிருப்பது சூரியன் உதிக்கும் நேரத்தில்தான். கைக்குழந்தை எப்படியும் அப்போது எழுந்து நம்மையும் எழுப்பிவிடும், பல் தேய்த்த கையோடு கிளம்பிவிடுங்கள்.

மூன்றின் தாய்:
விடியற்காலை என்று சொல்பவர்கள் வீட்டில் பிள்ளைகள் தானாக எழுந்துகொள்கிறார்கள் போலிருக்கிறது, வாழ்க! என் வீட்டில் எழுப்பி, சமாதானம் செய்து, செருப்பு மாட்டுவதற்குள் வெயில் ஏறிவிடும். நாங்கள் மாலைக் கட்சிதான், ஆனால் ஐந்து மணிக்கு அல்ல, சூரியன் இறங்கிய பிறகு. எந்த நேரம் என்பதைவிட எந்த மூலை என்பதுதான் முக்கியம் என்பேன்.

பெரிய மரத்தின் நிழலும் தகரக் கூரையின் நிழலும் ஒன்றல்ல. மரம் இலை வழியாக நீரை ஆவியாக்கிக்கொண்டே இருப்பதால் அதைச் சுற்றியுள்ள காற்றும் கொஞ்சம் குளிர்கிறது, தகரமோ தானே சூடாகி நம் தலையில் அனலை இறக்குகிறது. தரை மண்ணாகவோ உண்மையான புல்லாகவோ இருக்க வேண்டும். செயற்கைப் புல்லும், ஊஞ்சலுக்கு அடியில் விழுந்தால் அடிபடாமல் இருக்கப் போடுகிற ரப்பர் தரையும் நேர் வெயிலில் 70 டிகிரியைக்கூடத் தொடும். கீழே பஞ்சு மாதிரி இருக்கிறதே என்று பிள்ளைகள் செருப்பைக் கழற்றுவது அங்கேதான். சறுக்குமரம் இரும்பு என்றால்தான் சுடும் என்று நினைக்காதீர்கள், பிளாஸ்டிக்கும் சுடும். புறங்கையை வைத்து ஐந்து எண்ணுங்கள், அதுவரை கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் பிள்ளையை ஏற்றாதீர்கள்.

ஊஞ்சல் பக்கமே போகாமல் மரத்தடியில் ஒரு குவளை, ஒரு பாட்டில் தண்ணீர், காய்ந்த குச்சி நாலு கொடுத்துப் பாருங்கள். என் நடுப்பிள்ளை வேருக்கு நடுவே சின்னக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுவாள், அது உறிஞ்சி முடிந்ததும் மறுபடி ஊற்றுவாள், எறும்பு தன் பாதையை மாற்றிக்கொண்டு போவதைக் குனிந்து பார்ப்பாள், பாதித் தண்ணீர் அவள் மேலேயே கொட்டியிருக்கும். நனைந்த சட்டையோடு விளையாடுவதைவிட நல்ல குளிர்ச்சி எது? மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருந்தால் போதும்.

கையில் கொசுமருந்து:
மாலை என்றால் கொசுவும் உண்டு. முழுக்கை, தளர்வான பருத்திச் சட்டை வெயிலுக்கும் ஆகும், கொசுவுக்கும் ஆகும். சன்ஸ்கிரீன் போடுவதென்றால் முதலில் அது, காய்ந்த பிறகுதான் கொசு களிம்பு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குச் சன்ஸ்கிரீனே வேண்டாம், நிழலும் உடம்பை மூடும் சட்டையும் போதும்.

வார்டு வாசி:
பெரியவள் முகம் சிவந்து "தூக்கு" என்பதை அடம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எடைக்குக் கணக்குப் போட்டால் குழந்தையின் தோல்பரப்பு நம்முடையதைவிட அதிகம், அதனால் சுற்றிலும் தோலைவிடச் சூடாக இருக்கும்போது அவர்கள் உடம்பு நம்மைவிடச் சீக்கிரம் சூடேறும். நமக்குப் புழுக்கமாக மட்டும் இருக்கும் நேரத்தில் அவளுக்கு முடியாமல் போயிருக்கலாம். அந்த நிமிடமே நிழலில் உட்காரவைத்து, கழுத்து, கை, காலை நனைத்து விசிறிவிட்டு, மடக்கு மடக்காகத் தண்ணீர் கொடுங்கள். தெளிந்த பிறகும் விளையாட்டைத் தொடர வேண்டாம், வீட்டுக்குப் போய்விடலாம். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தாலும் இதேதான். பேச்சு குழறினாலோ, கூப்பிட்டதற்குச் சரியாகப் பதில் இல்லை என்றாலோ, வலிப்பு வந்தாலோ அது வெப்பத்தாக்கு. அவசர ஊர்திக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நிலையில் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

சின்னவனுக்கு எட்டு மாதம் என்பதால் பாலோடு கொஞ்சம் தண்ணீரும் தரலாம். ஆறு மாதம் ஆகாத குழந்தை என்றால் பால் மட்டும்தான், ஆனால் அடிக்கடி. டயபர் வெகுநேரம் நனையாமல் இருந்தால் கவனியுங்கள். காரில் போகிறவர்களுக்கு இன்னொன்று: வெயிலில் நிறுத்திய காருக்குள் முதல் 10 நிமிடத்திலேயே 10 டிகிரி ஏறிவிடும். "இதோ வந்துவிடுகிறேன்" என்று பிள்ளையை உள்ளே விட்டுப் போகவே போகாதீர்கள், ஏற்றி உட்காரவைக்கும் முன் பெல்ட்டின் இரும்புக் கொக்கியையும் தொட்டுப் பாருங்கள்.

நிழல்தேடி:
எல்லோருக்கும் நன்றி. துணியை எடுத்தாகிவிட்டது, விடியற்காலையில் கிளம்பியும் பார்த்தோம், சின்னவன் சிரித்துக்கொண்டே வருகிறான். பெரியவள்தான் தொப்பியைத் தலையில் வைத்ததும் பிடுங்கி எறிகிறாள். அதற்கு ஏதாவது வழி?

மூன்றின் தாய்:
தொப்பியைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து அவள் கையிலேயே கொடுங்கள், உங்கள் தலையில் முதலில் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் "ஐயோ, சில்லென்று இருக்கிறதே" என்று கொஞ்சம் கூச்சல் போட்டால் அடுத்து அவளே கேட்பாள். அப்படியும் மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், அந்த நேரத்து வெயிலுக்கு மர நிழலே போதும்.